சொல்லில் இல்லாத நரி

சில ஆண்டுகளுக்கு முன்பு, சிங்கப்பூரில் ஒரு பாலர்பள்ளியில் சில மாதங்கள் தமிழ் வகுப்புக்கு ரிலீஃப் டீச்சராகப் போனேன். கே1 வகுப்பு. ஒன்பது பிள்ளைகள், எல்லாருக்கும் ஐந்து வயது. அதில் ஒரு பையன் முதல் நான்கு வாரமும் தமிழில் வாயே திறக்கவில்லை. கேள்வி கேட்டால் தலையாட்டுவான். விடாமல் கேட்டால் ஆங்கிலத்தில் ஒரு சொல் வரும். “நாங்க பேசறதெல்லாம் அவனுக்குப் புரியும் டீச்சர், ஆனா திருப்பிப் பேச மாட்டான்” என்று அவன் அம்மா வாசலில் நின்று சொன்னார். சிங்கையில் பிள்ளை வளர்ப்பவர்கள் பலருக்கும் இந்த வாக்கியம் புதிதில்லை.

ஐந்தாவது வாரம் பேட் ஹட்சின்ஸின் ‘ரோசீஸ் வாக்’ புத்தகத்தைக் கொண்டுபோனேன். 1968-இல் வந்த படநூல். ஆங்கிலத்தில் மொத்தமே 32 சொற்கள், அதுவும் ஒரே வாக்கியம். ரோசி என்ற கோழி பண்ணையைச் சுற்றி நடந்துவிட்டுச் சாப்பாட்டு நேரத்துக்குத் திரும்பி வருகிறது. சொற்களில் இருக்கும் கதை இவ்வளவுதான். ஆனால் படத்தில் ஒரு நரி இருக்கிறது. தொடக்கத்திலிருந்தே கோழியின் பின்னால் வருகிறது. பாயப் போகும்போதெல்லாம் அடிபடுகிறது. கீழே கிடக்கும் வாரியை மிதித்து அதன் கட்டையால் முகத்தில் அடிவாங்குகிறது, குளத்தில் விழுகிறது, தலையில் மாவு கொட்டுகிறது, கடைசியில் தேனீக்கள் துரத்த ஓடுகிறது. நரியைப் பற்றி நூலில் ஒரு சொல்கூடக் கிடையாது.

ஆங்கில வரிகளின்மேல் தமிழில் எழுதிய காகிதத் துண்டுகளை ஒட்டியிருந்தேன். வாசிக்க ஆரம்பித்ததுமே யாரோ “ஃபாக்ஸ்!” என்றார்கள். காதில் விழாததுபோல் கோழியைப் பற்றியே தொடர்ந்து வாசித்தேன். அடுத்த பக்கத்தில் நாலைந்து குரல்கள். அதற்கடுத்த பக்கத்தில் அந்தப் பையன் எழுந்தே நின்றுவிட்டான். “டீச்சர்! நரி வருது! பின்னால பாருங்க, நரி வருது!”

அதற்குப் பிறகு நான் செய்ததையும் சொல்லிவிட வேண்டும். கதை முடிந்ததும், முந்தின இரவு நானே உட்கார்ந்து தயாரித்த பயிற்சித்தாளைக் கொடுத்தேன். கோழிக்கு வண்ணம் தீட்ட வேண்டும், கீழே ‘கோழி’ என்ற சொல்லைப் புள்ளிக்கோட்டின்மேல் எழுத வேண்டும். அவன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “நரி எங்க?” என்றான். “இன்னிக்குக் கோழி மட்டும்தாம்பா” என்றேன். கோழிக்கு மஞ்சள் தீட்டினான். அன்றைக்கு மேற்கொண்டு எதுவும் பேசவில்லை.

அந்தப் பயிற்சித்தாள் ஏன் தவறு என்று புரிந்துகொள்ள எனக்குக் கொஞ்சகாலம் ஆயிற்று. கோழி என்ற சொல்லைக் கற்றுக்கொடுத்தது தவறில்லை. ஆனால் நான் அந்த நூலைச் சரியாக வாசிக்கவே இல்லை. பிள்ளைகள்தான் வாசித்தார்கள்.

படநூல் வேறு, படம் போட்ட நூல் வேறு. படம் போட்ட நூலில் படத்தை எடுத்துவிட்டாலும் கதை நிற்கும். படநூலில் நிற்காது. ‘ரோசீஸ் வாக்’ நூலில் சொற்களை மட்டும் வாசித்தால் அது ஒரு கோழியின் நடைப்பயிற்சி. படங்களை மட்டும் பார்த்தால் அது ஒரு நரியின் துரதிர்ஷ்டம். இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் சிரிப்பு வருகிறது, கூடவே ஒரு கேள்வியும் வருகிறது. கோழிக்கு நரி வருவது தெரியுமா, தெரியாதா? அதன் முகம் கடைசிவரை மாறுவதே இல்லை. இந்தக் கேள்விக்கு நூலில் பதில் கிடையாது. இலக்கியம் என்று நாம் பெரிதாகப் பேசுவதும் இப்படிப்பட்ட இடங்களைப் பற்றித்தான் அல்லவா? சொல்லாமல் விடப்பட்டதை வாசகர் கண்டுபிடிப்பதைத்தானே ஒரு நல்ல சிறுகதையில் கொண்டாடுகிறோம்? ஐந்து வயதுப் பிள்ளைகள் அதைத் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தபடியே செய்துவிட்டார்கள்.

1658-இல் கொமேனியஸ் என்ற கல்வியாளர் ‘ஓர்பிஸ் பிக்டஸ்’ என்ற நூலை வெளியிட்டார். பிள்ளைகளுக்கான முதல் படப் பாடநூல்களில் ஒன்றாக அதைச் சொல்வார்கள். படத்தில் இருக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண். அந்த எண்ணுக்கு நேராக அதன் பெயர், இரண்டு மொழிகளில். அந்தக் காலத்துக்கு அது பெரிய பாய்ச்சல். ஆனால் நம்முடைய பாலர்பள்ளித் தமிழ் வகுப்புகள் பலவற்றில் படம் இன்னமும் 1658-இல்தான் நிற்கிறது. யானைப் படம், கீழே ‘யானை’. படத்தின் வேலை சொல்லுக்குச் சாட்சி சொல்வது மட்டும்தான். அப்படிப் பழகிய கை, எந்தப் படநூலை எடுத்தாலும் அதைச் சொற்பட்டியலாகவே பிரித்துப்போடும். என் கையும் அதைத்தான் செய்தது.

யானைப் படத்தைக் காட்டி “இது என்ன?” என்று கேட்கிறோம். டீச்சருக்குப் பதில் தெரியும். டீச்சருக்குத் தெரியும் என்று பிள்ளைக்கும் தெரியும். வீட்டிலோ கடையிலோ யாரும் யாரிடமும் இப்படிப் பேசுவதில்லை. சரியாகச் சொன்னால் ஸ்டிக்கர், தப்பாகச் சொன்னால் திருத்தம். வாயைத் திறக்காமல் இருப்பதே பாதுகாப்பு என்று அந்தப் பையன் முடிவெடுத்திருந்தால் அவனைக் குறை சொல்ல முடியாது. “நரி வருது” அப்படிப்பட்ட பதில் இல்லை. டீச்சருக்குத் தெரியாத ஒன்று அவனுக்குத் தெரிந்துவிட்டது; அதை அவசரமாகச் சொல்லியாக வேண்டும். அவனுடைய தமிழ் அந்த அவசரத்தில்தான் வெளியே வந்தது.

இப்போது நம் நூல்களுக்கு வருவோம். சென்னையில் தூலிகா பதிப்பகம் 1996 முதல் தமிழ் உட்படப் பல மொழிகளில் படநூல்களைக் கொண்டுவருகிறது. பிரதம் புக்ஸின் ‘ஸ்டோரிவீவர்’ தளம் 2015-இலிருந்து இலவசமாகக் கதைகளைத் தருகிறது. தமிழிலும் நிறைய இருக்கின்றன. அசோக் ராஜகோபாலனின் ‘கஜபதி குலபதி’யை எந்த வகுப்பிலும் தைரியமாக எடுத்துப் போகலாம். சளிபிடித்த யானை தும்மும்போது பிள்ளைகளும் சேர்ந்து தும்முவார்கள், யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஆகவே தமிழில் நல்ல படநூலே இல்லை என்று புலம்ப நான் தயாரில்லை.

ஆனால் இங்கே, சிங்கையிலும் மலேசியாவிலும், பாலர்பள்ளிக்கென்றே தமிழில் எழுதப்பட்டு என் கைக்கு வந்த நூல்களில் பெரும்பாலானவை இரண்டு தவறுகளைத் திரும்பத் திரும்பச் செய்கின்றன. படத்தில் சிறுமி குடை பிடித்திருப்பாள். கீழே அவள் குடை பிடித்திருக்கிறாள் என்று எழுதியிருக்கும். பிள்ளை கண்டுபிடிக்க எதுவும் மிச்சமில்லை. அடுத்து, கடைசிப் பக்கம். அதுவரை குறும்பு செய்துகொண்டிருந்த பாத்திரம் திடீரென்று திருந்திவிடும். பெரியவர்கள் சொல் கேட்க வேண்டும் என்று முடியும். பிள்ளைமீது நம்பிக்கை இல்லாததால்தான் இரண்டும் நடக்கின்றன என்று நினைக்கிறேன். அவன் பார்ப்பான் என்ற நம்பிக்கையும் இல்லை, அவன் யோசிப்பான் என்ற நம்பிக்கையும் இல்லை.

மொழியிலும் ஒரு வாய்ப்பை வீணாக்குகிறோம். படநூலின் உயிர் பக்கம் புரட்டுவதில் இருக்கிறது. வலதுபக்க ஓரத்தில் ‘அப்புறம்?’ என்ற கேள்வி எழ வேண்டும். ஹட்சின்ஸ் தன் ஒற்றை வாக்கியத்தை முடிக்காமல் இழுத்துக்கொண்டே போனது அதற்காகத்தான். அதைத் தமிழாக்க உட்கார்ந்தபோது ஒன்று புரிந்தது. இந்த வேலைக்குத் தமிழ் ஆங்கிலத்தைவிட வசதியான மொழி. நம்மிடம் வினையெச்சம் இருக்கிறது. கடந்து, சுற்றி, ஏறி, நுழைந்து... ஒவ்வொன்றும் முடியாமல் அந்தரத்தில் நிற்கிறது. ‘ஏறி’ என்று சொல்லி நிறுத்தினால், இலக்கணம் தெரியாத பிள்ளையும் “ஏறி?” என்று கேட்கும். முற்றுவினை வரும்வரை தமிழ்க் காது காத்திருக்கும். நம் பாட்டிகள் கதை சொன்னது இப்படித்தான்: போயி, பார்த்து, எடுத்துக்கிட்டு, வந்து... பிள்ளை தூங்காமல் ‘உம்’ கொட்டியது அடுத்த வினைக்காக. நம் படநூல்களோ ஒவ்வொரு பக்கத்தையும் முற்றுவினையில் மூடுகின்றன. பூனை ஓடுகிறது. பூனை குதிக்கிறது. பூனை தூங்குகிறது. பக்கத்துக்கு ஒரு கதவு, ஒவ்வொன்றும் சாத்தியிருக்கிறது.

அடுத்தது பேச்சுத்தமிழ். பையன் சொன்னது “நரி வருது”. நூலில் இருந்தால் அது ‘நரி வருகிறது’ என்று அச்சாகியிருக்கும். 2005-இல் சிங்கப்பூரின் தமிழ்மொழிப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழு வகுப்பறையில் பேச்சுத்தமிழுக்கு இடம் கொடுக்கச் சொன்னது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் கதை வாசிக்கும்போது நம் குரல் தானாகவே விறைத்துக்கொள்கிறது. பிள்ளை “வருது” என்றால் “வருகிறது-ன்னு சொல்லணும்” என்று திருத்துகிறோம். தமிழில் வந்த முதல் முழு வாக்கியத்துக்கு அதுதான் பரிசு என்றால், இரண்டாவது வாக்கியம் ஏன் வரப்போகிறது?

படநூல்களை முழுக்கவே பேச்சுத்தமிழில் எழுதிவிடலாம் என்று சில நண்பர்கள் சொல்கிறார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. எழுத்துத்தமிழின் ஓசை ஒரு பிள்ளையின் காதில் பயமில்லாமல் விழக்கூடிய இடங்களில் படநூலும் ஒன்று. பாடநூலில் அதை முதன்முதலாகச் சந்திப்பதைவிட, கோழிக்குப் பின்னால் நடந்துபோகும்போது சந்திப்பது நல்லது. கதைசொல்லியின் வரி எழுத்துத்தமிழில் இருக்கட்டும். பாத்திரங்கள் வாய்திறந்தால் நம் வீட்டுத்தமிழ் வரட்டும். புத்தகத்தைச் சுற்றி நடக்கும் பேச்சு முழுக்க முழுக்கப் பேச்சுத்தமிழில் நடக்கட்டும். பக்கத்தில் ‘வருகிறது’, வாயில் ‘வருது’. இரண்டும் ஒன்று என்று பிள்ளைகள் தாங்களே கண்டுபிடிப்பார்கள். நரியைக் கண்டுபிடித்த மாதிரி.

கடைசியாக, நடவடிக்கைகள். பாலர்பள்ளியில் ‘கதை நேரம்’ என்றாலே பின்னால் ஒரு நடவடிக்கை வால்போல ஒட்டிக்கொண்டிருக்கும். எரிக் கார்லின் பசித்த கம்பளிப்பூச்சிக் கதைக்குப் பிறகு பச்சை வட்டங்களை ஒட்டிப் புழு செய்யாத பாலர்பள்ளி இருக்குமா என்று தெரியவில்லை. ஒன்பது பிள்ளைகள், ஒன்பது ஒரே மாதிரிப் புழுக்கள், சுவரில் வரிசையாக. பெற்றோர் வந்தால் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் ஒட்டும் நேரம் முழுக்கப் பிள்ளை பேசுவது பசையைப் பற்றி, அதுவும் ஆங்கிலத்தில். 1969-இல் வந்த அந்த நூலின் அதிசயம் பக்கங்களில் இருக்கும் ஓட்டைகள். புழு தின்றுகொண்டு போன ஓட்டை. பிள்ளைகள் விரலை விட்டுப் பார்ப்பார்கள். அந்த விரலிலிருந்து தொடங்க வேண்டும். இந்தப் புழு தேக்கா மார்க்கெட்டுக்கு வந்தால் எதைத் தின்னும்? முருங்கைக்காயிலா, வாழைப்பழத்திலா, பரோட்டாவிலா ஓட்டை போடும்? காகிதத்தில் வரைந்து ஓட்டை போட்டு, அடுத்தவனை எட்டிப்பார்க்கச் சொல்லலாம். இதற்கும் காகிதமும் பென்சிலும்தான் தேவை. ஆனால் இங்கே பேச்சு இல்லாமல் வேலை நடக்காது.

நடவடிக்கையைத் தேர்ந்தெடுக்க நான் இப்போது வைத்திருக்கும் கேள்வி ஒன்றுதான்: இது பிள்ளையை மறுபடி புத்தகத்துக்குள் அனுப்புகிறதா, வெளியே கூட்டிக்கொண்டு போய்விடுகிறதா? 1988-இல் ஒயிட்ஹர்ஸ்டும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட ஆய்வு ஒன்று பிள்ளைகளுக்குப் படநூல் வாசித்துக்காட்டும் விதத்தைப் பற்றியது. பெற்றோர் வெறுமனே வாசிப்பதைவிட்டு, ‘என்ன நடக்குது?’ என்பதுபோன்ற திறந்த கேள்விகளைக் கேட்டு, பிள்ளை சொன்னதைக் கொஞ்சம் நீட்டித் திருப்பிச் சொன்னார்கள். ஒரே மாதத்தில் பிள்ளைகளின் பேச்சில் வித்தியாசம் தெரிந்தது. பசையும் கத்தரிக்கோலும் அதில் இல்லை.

இதையெல்லாம் ஓர் இலக்கிய இதழில் எதற்கு எழுதுகிறேன் என்று நீங்கள் கேட்கலாம். நம் நாவல்களுக்குக் கூட்டம் போடுகிறோம், சிறுகதைகளுக்குச் சண்டை போடுகிறோம். படநூல் வந்தால் வெளியீட்டு விழாவில் ‘அருமையான முயற்சி’ என்று சொல்லிச் சால்வை போர்த்திவிட்டு வந்துவிடுகிறோம். அதில் எந்தப் பக்கம் இயங்குகிறது, எது செத்துக் கிடக்கிறது, படமும் சொல்லும் எங்கே முட்டிக்கொள்கின்றன என்று யாராவது வரிக்குவரி எழுதி நான் அதிகம் பார்த்ததில்லை. விமர்சனம் இல்லாத இடத்தில் பயிற்சித்தாள்தான் வளரும். பதினைந்து ஆண்டுகள் கழித்து உங்கள் கதையைத் தமிழில் வாசிக்க ஒருவன் இருப்பானா இல்லையா என்பதில், இன்றைக்கு கே1 வகுப்பில் நடக்கும் அரைமணி நேரத்துக்கும் பங்கு இருக்கிறது.

அடுத்த வாரம் அதே புத்தகத்தை மறுபடி எடுத்துப் போனேன். பயிற்சித்தாள் இல்லை. நாற்காலி, பாய், மேசை எல்லாவற்றையும் பண்ணையாக்கி, மேலே, கீழே, சுத்தி, நடுவுல என்று எல்லாரும் நடந்தோம். கோழியாக வர இரண்டு பேர்தான் முன்வந்தார்கள். மற்ற ஏழு பேருக்கும் நரி வேண்டுமாம். முடிந்ததும் கேட்டேன்: “சரி, நரி இப்போ வீட்டுக்குப் போகுது. அதோட அம்மா கதவைத் திறக்கறாங்க. நரி என்ன சொல்லும்?”

பையன் மூக்கைத் தடவிக்கொண்டே, அடிபட்ட நரியாகவே, என் முன்னால் வந்து நின்றான்.

“அம்மா, இன்னிக்கு டின்னர் இல்ல.”

டின்னர் என்றுதான் சொன்னான். நான் திருத்தவில்லை.