பூட்டு யாருக்கு?

பொருளுக்குப் பூட்டிடுவது உலக வழக்கு. கள்வனைத் தடுப்பதே பூட்டின் பயன் என்பது எவரும் கூறும் விடை. ஆயினும், கணினி மென்பொருளுக்கு இடப்படும் நகல் தடுப்புப் பூட்டினை ஆராயுமிடத்து, அவ்விடை பொருந்தாமை புலனாகும். கள்வன் எளிதில் உள்ளே செல்ல, விலை கொடுத்து வாங்கியவனே வாயிலில் நின்றுவிடும் விந்தையை இங்குக் காணலாம். இவ்விந்தை தமிழ் எழுத்தையும் தமிழாசிரியரையும் தொட்ட விதம் எண்ணிப் பார்க்கத்தக்கது.

1980களில் புகழ்பெற்றிருந்த லோட்டஸ் 1-2-3 என்னும் கணக்கீட்டு மென்பொருளின் தொடக்கப் பதிப்புகளை இயக்க, அதன் மூல நெகிழ்வட்டைக் கணினியில் செருகியாக வேண்டும். வட்டு பழுதுற்றால் வாங்கியவரின் பணி நின்றுவிடும். பின்னர் வந்தது வன்பூட்டு. அச்சுப்பொறியை இணைக்கும் துளையில் செருகப்படும் சிறு கருவி அது. அது செருகியிருந்தால் மட்டுமே மென்பொருள் இயங்கும். இந்திய மொழிகளில் பக்கம் அமைக்கும் மென்பொருள்கள் பலவும் இம்முறையைக் கையாண்டன.

இப்பூட்டுகள் கள்வனைத் தடுத்தனவா? தடுக்கவில்லை. ஒருவன் ஒருமுறை பூட்டை உடைத்துவிட்டால் போதும். அவன் எடுக்கும் நகல்கள் அனைத்தும் பூட்டின்றியே பரவும். 1990களில் கோலாலம்பூர் இம்பி பிளாசாவிலும் பெட்டாலிங் சாலையிலும் சில வெள்ளிக்கு விற்கப்பட்ட களவுக் குறுவட்டுகளே இதற்குச் சான்று. அவற்றை வாங்கியோர்க்கு மூல வட்டும் தேவையில்லை, வன்பூட்டும் தேவையில்லை. ஆகவே, பூட்டின் சுமையைத் தாங்கியவர் நேர்மையாளர் ஒருவரே. 2005ஆம் ஆண்டில் சோனி பிஎம்ஜி நிறுவனம் தன் இசைவட்டுகளில் மறைத்து வைத்த தடுப்பு நிரலும் இவ்வகையினதே. வட்டை விலைக்கு வாங்கியோரின் கணினிகளே அதனால் பாதுகாப்பிழந்தன. இறுதியில் அந்நிறுவனம் அவ்வட்டுகளைத் திரும்பப் பெற நேர்ந்தது.

தமிழுக்கு நேர்ந்த இடர் இதனினும் ஆழமானது. ஒருங்குறி பரவுவதற்கு முன்னர், எழுத்துருவை ஆக்கியோர் பலரும் தத்தமக்கெனத் தனிக் குறியீட்டு முறையை வகுத்துக்கொண்டனர். ஒருவர் எழுத்துருவில் தட்டெழுதியது மற்றொருவர் எழுத்துருவில் பொருளற்ற குறிகளாகத் தோன்றும். இது பூட்டென்று கருதிச் செய்யப்பட்டதன்று. எனினும் பூட்டின் வேலையையே செய்தது. கிள்ளானில் ஓர் ஆசிரியர் முறைப்படி விலை கொடுத்து வாங்கிய மென்பொருளில் பள்ளி ஆண்டு மலரைத் தொகுத்தார் என்று கொள்வோமாக. ஆண்டுகள் செல்கின்றன, புதிய கணினியில் அந்தப் பழைய துளையே இல்லை. வன்பூட்டைச் செருக இடமில்லை, மென்பொருள் இயங்கவில்லை, மலரின் எழுத்துகளும் படிக்க இயலாதவையாகின்றன. அவர் இழந்தது கருவியை மட்டுமன்று, தம் எழுத்தையுமே. தாம் எழுதியதைத் தாமே திறக்க இயலாத நிலைக்கு நேர்மை ஒருவரைக் கொண்டு நிறுத்துமாயின், குறை நேர்மையினுடையதன்று, பூட்டினுடையதே.

இதற்கு ஒரு மறுப்புண்டு. தமிழ் மென்பொருளை விலைக்கு வாங்குவோர் சிலரே; அச்சிலரும் நகலெடுப்பாராயின், உழைத்து ஆக்கியவர் எவ்வாறு வாழ்வார் என்பது அம்மறுப்பு. புறந்தள்ளத்தக்கதன்று இக்கேள்வி. மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலுக்கும் காப்பளிக்கின்றது. சில விலக்குகளுடன், பூட்டை உடைப்பதும் அச்சட்டப்படி குற்றமாகும். படைப்பாளர்க்கு உரிய ஊதியம் கிடைத்தல் வேண்டும் என்பதில் இரு கருத்துக்கு இடமில்லை. அதனைப் பூட்டுத்தான் பெற்றுத் தருமா என்பதே வினா.

இவ்வினாவிற்கு மலேசிய மண்ணிலேயே ஒரு விடை உள்ளது. கவிஞரும் ஆசிரியருமான முரசு நெடுமாறனின் மைந்தர் முத்து நெடுமாறன் 1985ஆம் ஆண்டில் முரசு மென்பொருளை உருவாக்கினார். பின்னர் 1990களில், தனியாள் பயனுக்கான முரசு அஞ்சல் பதிப்பு இணையத்தில் விலையின்றி வழங்கப்பட்டது. அதனைக் கொண்டு உலகெங்கும் தமிழர் மடல் எழுதிப் பழகினர். பழகியோர் பெருகவே, அவ்விசைமுறை தமிழர்க்குப் பொதுவானவற்றுள் ஒன்றாயிற்று. இன்று ஆப்பிள் நிறுவனத்தின் கணினிகளிலும் கைப்பேசிகளிலும் அஞ்சல் விசைப்பலகை உடன் அமைந்தே வருகின்றது. திறந்து வழங்கியமை ஒன்றே இதற்குக் காரணம் என்று சாற்றுதல் மிகையாகும்; ஆயினும், கதவைத் திறந்து வைத்தமையால் படைப்பாளர் அழிந்துவிடவில்லை என்பது தெளிவு. 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் தமிழ் நூல்களை எவரும் படியெடுக்குமாறு அளித்துவருவதும் ஈண்டு நினைவுகூரத்தக்கது.

நேர்மையைப் பூட்டினால் வளர்க்க இயலாது. நியாயமான விலை, எளிய பயன்பாடு, வாங்கியவரைக் கைவிடாத பேணல் ஆகியவையே வாங்கும் பழக்கத்தை வளர்ப்பன. மென்பொருள் ஆக்குவோர்க்குரிய கடமை இதுவெனின், ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் உரிய கடமைகள் இரண்டு. விலைக்கு விற்கப்படும் தமிழ் மென்பொருளை விலை கொடுத்தே பெறுதல் ஒன்று. எழுதுவன அனைத்தையும் ஒருங்குறியில் எழுதி, பழைய குறியீடுகளில் உறங்கும் மலர்களையும் படைப்புகளையும் காலந்தாழ்த்தாது மாற்றிக் காத்தல் மற்றொன்று. கள்வன் கொண்டுபோகும் நகலால் விளைவது பொருளிழப்பு. படிக்க இயலாது போகும் எழுத்தால் விளைவதோ ஒரு தலைமுறையின் நினைவிழப்பு.