எதைப் பார்த்து எழுதிய பட்டியல்?

2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற ஜாவா நூலகத்தின் ஓட்டை வெளியே தெரிந்தபோது, அதை அடைப்பது எப்படி என்பது பெரிய கேள்வியாக இருக்கவில்லை. திருத்திய பதிப்பு உடனே கிடைத்தது. அந்த நூலகம் தங்களிடம் எங்கெங்கே இருக்கிறது என்பதுதான் பலருக்கும் தெரியவில்லை. மேவன் களஞ்சியத்தில் பாதிக்கப்பட்ட பேக்கேஜ்களை ஆராய்ந்த கூகுள் குழு, அவற்றில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டவை லாக்4ஜேயை நேரடியாகக் கேட்டு வாங்காமல் வேறொரு நூலகத்தின் வழியாகப் பெற்றிருந்ததையும், பலவற்றில் அது ஐந்தாம் அடுக்கில் கிடந்ததையும் கண்டது. அமெரிக்க அரசுத் துறை ஒன்று மட்டும் இந்த ஓட்டைக்காக 33,000 மணி நேரம் செலவிட்டதாக அந்நாட்டு இணையப் பாதுகாப்பு மறுஆய்வு வாரியம் 2022 ஜூலையில் எழுதியது. தான் கேட்டு வாங்காத பொருள் தன் வீட்டில் இருப்பதை ஒருவர் அறியும் வழி என்ன? எஸ்பாம் என்று துறையினர் அழைக்கும் மென்பொருள் உறுப்புப் பட்டியலுக்கு இதைவிடத் தெளிவான நியாயம் இனிக் கிடைக்காது.

அமெரிக்க அரசு இந்தப் பட்டியலை வலியுறுத்தத் தொடங்கியது லாக்4ஜேவுக்கு ஏழு மாதம் முன்பே, 2021 மே மாத நிர்வாக ஆணையில். அதற்குத் தூண்டுகோல்களில் முதன்மையானது 2020இல் அம்பலமான சோலார்விண்ட்ஸ் ஊடுருவல். அதில் தாக்கியவர்கள் நிறுவனத்தின் பில்டு அமைப்புக்குள்ளேயே புகுந்து தீய நிரலைச் சேர்த்தார்கள்; எந்தச் சார்புப் பட்டியலும் அதைக் காட்டியிருக்காது. தன்னால் பிடிக்க முடியாத ஒரு திருட்டை முன்னிட்டுச் சட்டத்தில் நுழைந்து, வேறொரு விபத்தில் தன் பயனை நிரூபித்த கருவி இது. அதனிடம் எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது என்பதில் இன்றும் நீடிக்கும் குழப்பத்துக்கு இந்தப் பிறப்புக் கதையும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

பட்டியலின் வடிவம் ஓரளவு தீர்ந்துபோன விஷயம். எஸ்பிடிஎக்ஸ் 2021இல் ஐஎஸ்ஓ தரமானது. சைக்ளோன்டிஎக்ஸ் 2024இல் எக்மா தரமானது. வழங்குநர், உறுப்பின் பெயர், பதிப்பு, தனி அடையாளம், சார்பு உறவு, பட்டியலைத் தயாரித்தவர், தயாரித்த நேரம் என்று குறைந்தபட்ச விவரங்களும் 2021 ஜூலையிலேயே வரையறுக்கப்பட்டுவிட்டன. சிஃப்ட், ட்ரிவி போன்ற கருவிகள் ஒற்றைக் கட்டளையில் பட்டியலைக் கொடுத்துவிடும். இந்த எளிமைதான் என்னை உறுத்துகிறது. கருவி எதைப் பார்த்துப் பட்டியல் எழுதியது என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. கல்யாணச் சமையலுக்கு மளிகைக் கடையில் கொடுத்த சீட்டும் அண்டாவில் விழுந்ததும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. எஸ்பாம் கருவிகளில் பல, சீட்டைப் படித்துவிட்டு அண்டாவைப் பற்றிச் சாட்சி சொல்கின்றன.

2023 செப்டம்பரில் வந்த லிப்வெப்பி ஓட்டையை எடுத்துக்கொள்வோம். வெப்பி படங்களை விரிக்கும் அந்த நூலகத்தின் குறை, முதலில் குரோம் உலாவியின் குறையாகவே பதிவானது. ஆனால் அதே நூலகம் எலெக்ட்ரான் கொண்டு எழுதிய செயலிகளிலும், பைத்தானில் படங்களைக் கையாளும் பில்லோவிலும் இருந்தது. பில்லோவை நிறுவும்போது வரும் வீல் கோப்பு லிப்வெப்பியின் தொகுக்கப்பட்ட பிரதியையும் தன்னுள்ளேயே கொண்டுவருகிறது. பைத்தான் திட்டத்தின் தேவைக் கோப்பில் இருப்பதோ பில்லோ என்ற ஒற்றை வரி. அதைப் பார்த்து உருவாக்கிய பட்டியலில் லிப்வெப்பி என்று தேடினால் எதுவும் வராது. கன்டெய்னர் பிம்பத்தை அலசிய கருவியோ, இயங்குதளத்தின் பேக்கேஜ் பதிவேட்டில் லிப்வெப்பி இருந்தால் அதைக் காட்டும். நிர்வாகியும் இயங்குதளத்தைப் புதுப்பித்துவிட்டு நிம்மதியாக இருப்பார். பில்லோ பயன்படுத்துவது அந்தப் பிரதியை அல்ல, தனக்குள் இருக்கும் பழைய பிரதியை. பில்லோ 10.0.1 வந்து, அதை நிறுவிய பிறகுதான் ஓட்டை அடைபட்டது. இரண்டு பட்டியல்களிலும் பொய்யான வரி ஒன்றுகூட இல்லை. ஆனால் இரண்டையும் நம்பியவர் ஏமாந்திருப்பார்.

சி, சி++ திட்டங்களில் நிலைமை இன்னும் மோசம். பிறருடைய மூலக்கோப்புகளை ஒரு கோப்புறையில் நகலெடுத்து வைத்துக்கொள்ளும் வழக்கம் அங்கே பழையது. அந்தக் கோப்புறைக்குப் பெயரும் இல்லை, பதிப்பும் இல்லை. மாறாக, கோ மொழியின் பில்டு கருவி எந்தெந்த மாட்யூல், எந்தப் பதிப்பு என்பதை இயங்குகோப்புக்குள்ளேயே எழுதிவிடுகிறது. அங்கே பட்டியல் ஊகத்தில் பிறப்பதில்லை, பில்டின் பதிவாகவே வருகிறது. பைத்தான் சமூகமும் 2025இல் ஏற்ற பெப் 770 மூலம், வீலுக்குள் இருப்பவற்றின் பட்டியலை வீலுக்குள்ளேயே வைக்க இடம் ஒதுக்கியிருக்கிறது. பட்டியலின் நம்பகத்தன்மை அது பிறக்கும் இடத்தில்தான் தீர்மானமாகிறது. பில்டு முடிந்த பிறகு வெளியிலிருந்து எட்டிப் பார்த்து எழுதுவதைவிட, பில்டு நடக்கும்போதே அதைச் செய்பவர் எழுதுவது மேல்.

அரைகுறைப் பட்டியல்கூட ஒன்றுமில்லாததைவிட நல்லதுதானே என்று கேட்கலாம். ஒரு நிபந்தனையோடு ஒப்புக்கொள்கிறேன்: தான் எங்கே அரைகுறை என்பதைப் பட்டியலே சொல்ல வேண்டும். அந்த 2021 வரையறையில், ஓர் உறுப்புக்கு மேற்கொண்டு சார்பு இல்லை என்பதையும், இருக்கிறதா என்று தெரியவில்லை என்பதையும் பிரித்துக் காட்டச் சொல்லும் விதி ஒன்று உண்டு. அந்த ஆவணத்தின் மிக அறிவார்ந்த வரி அது. மிகவும் புறக்கணிக்கப்பட்ட வரியும் அதுதான் என்பது என் மதிப்பீடு. தெரியாததைத் தெரியாது என்று குறித்த பட்டியல், எங்கே கையால் தேட வேண்டும் என்று வழிகாட்டும். குறிக்காத பட்டியலில் வெற்றிடமும் பாதுகாப்பும் ஒன்றுபோலத் தோன்றும்.

தாக்குபவர்களுக்கு இது வரைபடமாகிவிடும் என்ற இன்னொரு மறுப்பு எனக்கு வலுவாகப் படவில்லை. லாக்4ஜே ஓட்டையைத் தேடியவர்கள் யாருடைய பட்டியலையும் கேட்கவில்லை. கண்ணில் பட்ட சர்வர்களுக்கெல்லாம் தூண்டில் சரத்தை அனுப்பி எது கடிக்கிறது என்று பார்த்தார்கள். இருட்டில் நின்றது தற்காப்பவர் தரப்புதான்.

எச்சரிக்கைகள் பெருகி மூச்சு முட்டும் என்ற குறைக்குப் பொருள் இருக்கிறது. பட்டியலில் நூலகம் இருக்கிறது என்பதாலேயே ஓட்டையுள்ள செயற்கூறு இயங்குகிறது என்று ஆகாது. வெக்ஸ் எனப்படும் துணை ஆவணத்தில் ‘பாதிப்பில்லை’, ‘ஆராய்ந்துகொண்டிருக்கிறோம்’ என்றெல்லாம் வழங்குநர் அறிவிக்கலாம். ஆனால் அதை எழுத நிரலைப் புரிந்த மனிதர் வேண்டும். பட்டியல் எடுப்பதில் மிச்சமான உழைப்பு இங்கே வட்டியோடு திரும்பி வருகிறது. ஊதியமின்றித் திறமூல நூலகத்தைப் பராமரிப்பவரிடம், லாபம் பார்க்கும் நிறுவனம் அந்த அறிவிப்பைக் கேட்பது நியாயமும் அல்ல.

2024 மார்ச்சில் வெளிப்பட்ட, எக்ஸ்இசட் என்ற தரவுச் சுருக்க நூலகத்தின் விவகாரம் இன்னொரு எல்லையைக் காட்டியது. எஸ்எஸ்எச் உள்நுழைவு அரை நொடி தாமதமானதைக் கவனித்துப் புதைந்திருந்த பின்கதவைக் கண்டவர் ஆந்த்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர். பட்டியல் அதைக் கண்டிருக்காது. கண்டுபிடித்த மறுநிமிடம் ‘5.6.0 அல்லது 5.6.1 நம்மிடம் உண்டா’ என்ற கேள்விக்கு நல்ல பட்டியல் பதில் சொல்லியிருக்கும். அதன் வேலை அவ்வளவுதான். அது சிறிய வேலையும் அல்ல.

இப்போது சட்டங்கள் வேகம் பிடித்திருக்கின்றன. இந்தியாவின் செர்ட்-இன் 2024 அக்டோபரில் வெளியிட்ட வழிகாட்டுதல், அரசுத் துறைகளோடு மென்பொருள் ஏற்றுமதி நிறுவனங்களையும் முன்னிறுத்துகிறது. ஆக சென்னையிலும் கோவையிலும் பில்டு ஓட்டுபவர்களுக்கும் இது சொந்த வேலைதான். ஐரோப்பிய ஒன்றியத்தின் சைபர் தாங்குதிறன் சட்டம் 2027 டிசம்பர் 11 முதல் முழுமையாகப் பொருந்தும். அது கேட்கும் பட்டியல் குறைந்தபட்சம் முதல் அடுக்குச் சார்புகளையாவது கொண்டிருந்தால் போதும். லாக்4ஜே கிடந்ததோ ஐந்தாம் அடுக்கில். பட்டியலின் வடிவத்தையும் கூறுகளையும் வரையறுக்கும் அதிகாரத்தை அதே சட்டம் ஐரோப்பிய ஆணையத்துக்குக் கொடுத்திருக்கிறது. ஆணையம் அதைப் பயன்படுத்தினால், பட்டியல் எந்தக் கட்டத்தில், எதைப் பார்த்து எடுக்கப்பட்டது என்பதைக் கட்டாய விவரமாக்குவதில் தொடங்கலாம்.