மொழிவழித் திரைவிழாவும் அடிவரி மொழிபெயர்ப்பும்

இலக்கியங்களை நாட்டெல்லை கொண்டு பகுப்பதினும் மொழியெல்லை கொண்டு பகுப்பதே ஆராய்ச்சி உலகின் பெருவழக்கு. திரைப்படத் துறையிலோ நாட்டின் பெயரே முன்னிற்கும். ஈரானியப் படம், ஜப்பானியப் படம் என்று, பிறந்த நாட்டாலேயே ஒரு படத்தைச் சுட்டுகின்றோம். இவ்வழக்கினின்று விலகி, மொழியையே வேலியாகக் கொண்டு நகர்தோறும் செல்லும் திரைவிழாக்கள் சில உள. ஜெர்மன் மொழிப் படவிழா அவற்றுள் ஒன்று. ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து என்னும் மூன்று நாடுகளின் அண்மைக்காலப் படங்கள் ஒரு தொகுதியாகத் திரட்டப்பெற்று, ஓரூரில் சில நாள், அடுத்த ஊரில் சில நாள் என வலம் வருகின்றன. ஆஸ்திரேலியாவில் 2002-இல் தொடங்கிய விழா இவ்வகையினது. 1951-இல் நிறுவப்பெற்று, இந்திய நகரங்களில் மாக்ஸ் முல்லர் பவன் என்னும் பெயரோடு விளங்கும் கோதே நிறுவனமும் பல நாடுகளில் இப்பணியைச் செய்துவருகின்றது.

இத்தொகுப்பு முறை பொருத்தமானதே. மிக்கேல் ஹானெக்கே இயற்றிய ‘வெள்ளை நாடா’ (2009) எந்நாட்டுப் படம்? இயக்குநர் ஆஸ்திரியர்; கதை நிகழ்வது வட ஜெர்மனியின் சிற்றூர் ஒன்றில்; முதலீட்டில் பிரான்சும் இத்தாலியும் பங்கு கொண்டன. நாட்டால் வகுக்கப் புகுவார்க்கு இடர்ப்பாடு தரும் இப்படம், மொழியால் வகுப்பார்க்கு எவ்வகை ஐயத்தையும் தருவதில்லை. எனினும் ஒரு வினா எஞ்சி நிற்கின்றது. மொழியால் பெயர் பெற்ற விழாவில், அம்மொழி அறியாத பார்வையாளர் எதனைக் காண்கின்றனர்? திரையின் அடியில் ஓடும் மொழிபெயர்ப்பு வரியைக் காண்கின்றனர். ‘சப்டைட்டில்’ எனப்படும் அதனை ஈண்டு அடிவரி என்போம். விழாவைத் தாங்கும் இவ்வடிவரியே, விழாவிற்குப் பெயர் தந்த மொழியின் வேறுபாடுகளை மறைக்கின்றது என்பதும், தமிழில் அடிவரி அமைப்பார் அக்குறையைப் பெரிதும் நீக்க இயலும் என்பதும் இக்கட்டுரையில் யாம் நிறுவ முயலும் கருத்துகளாம்.

ஊமைப்படமும் பேசும்படமும்

ஊமைப்படக் காலத்தில் இவ்வினா எழவில்லை. முர்னாவ் 1924-இல் இயற்றிய ‘கடைசி மனிதன்’, விடுதி வாயிற்காவலன் ஒருவன் தன் சீருடையை இழந்து தாழ்வுறுவதைச் சொல்வது. இடையிடையே எழுத்துப் பலகை காட்டும் அக்கால வழக்கத்தையும் அப்படம் ஏறத்தாழ முற்றும் துறந்தது. நடையும் தோளும் முதுகுமே அங்குப் பேசின. நம் இலக்கணத்தார் மெய்ப்பாடு என்று வகுத்தது எதுவோ அதுவே அப்படத்தின் மொழி. பேச்சு வந்தபின் நிலை மாறியது. 1930-இல் வெளிவந்த ‘நீல தேவதை’ ஜெர்மனிலும் ஆங்கிலத்திலும் இருமுறை படமாக்கப்பெற்றது. இருமுறை எடுத்தல் பெருஞ்செலவு ஆதலின் அம்முறை நிலைக்கவில்லை; குரல்மாற்றும் அடிவரியுமே எஞ்சின. 1962-இல் ஓபர்ஹவுசன் நகரில் இளைய இயக்குநர் 26 பேர் பழைய படமுறை மாண்டது என்று அறிக்கை விடுத்துப் புதுநெறி கண்டனர். அவர்தம் வழியிலும், அவர்க்குப் பின் வந்தார் வழியிலும் ஜெர்மன் படங்களில் பேச்சின் வகைகள் பெருகின. ஒருமொழி என்று நாம் கருதுவது பல வழக்குகளின் தொகுதி என்பதை அப்படங்கள் காட்டுகின்றன.

தொல்காப்பிய மரபியல் வழிநூலின் வகைகளாகத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என நான்கினை வேறுவேறாக வகுக்கும். அடிவரியோ மொழிபெயர்ப்பும் தொகுத்தலும் ஒருங்கே ஆகியது. இரண்டு வரிக்கு மேற்படாமல், சில நொடிக்குள் படித்து முடிக்கத்தக்கதாய் அது அமைதல் வேண்டும். பொருளைக் காக்க முயல்வார் முதலில் இழப்பது சொல்லின் வழக்கினை. அவ்விழப்பு எத்தகையது என்பதை மூவகையில் காண்போம்.

வட்டார வழக்கு

ஓபர்ஹவுசன் அறிக்கையில் கையொப்பமிட்டாருள் ஒருவர் எட்கர் ரைட்ஸ். அவர்தம் ‘மற்றொரு தாயகம்’ (2013), 1840-ஆம் ஆண்டுகளில் ஹுன்ஸ்ரூக் என்னும் வறிய மலைநாட்டினின்று பிரேசிலுக்குக் குடிபெயர்ந்த உழவர் கதையைக் கூறுவது. தலைமகன் யாக்கோப் கொல்லன் மகன். தென்னமெரிக்கப் பழங்குடியினர் மொழிகளை ஏடுகளின் வாயிலாகவே கற்பவன். மொழி கற்ற அவன் ஊரிலேயே தங்கிவிடுகின்றான். அக்கனவில் பங்கு கொள்ளாதிருந்த அவன் தமையன் கடல் கடக்கின்றான். இம்முரணே படத்தின் உயிர். ஊரார் பேசுவது ஹுன்ஸ்ரூக் வழக்கு. அயல்மொழிக் காதல் கொண்ட இளைஞன் தன் வீட்டில் பேசுவதும் ஏட்டில் ஏறாத வழக்கே என்பதை உணர்ந்தாலன்றி அவன் ஏக்கத்தின் ஆழம் புலனாகாது. நூல்மொழியும் வீட்டுமொழியும் ஒரே நடையில் அடிவரியாக ஓடும்போது, யாக்கோப் வெறும் கனவுக்காரனாகக் குறைந்துவிடுகின்றான்.

சுவிட்சர்லாந்துப் படங்களில் இவ்வேறுபாடு இன்னும் கூர்மையானது. அந்நாட்டு ஜெர்மன் பகுதியில் எழுதுவது ஒரு வழக்கு, பேசுவது மற்றொன்று. இரட்டை வழக்கு பற்றி 1959-இல் பெர்கூசன் எழுதிய கட்டுரைக்கு எடுத்துக்காட்டாக நின்ற நான்கு மொழிநிலைகளுள் அதுவும் ஒன்று. சுவிஸ் பேச்சுவழக்குப் படங்களை ஜெர்மனியில் திரையிடும்போதும் பொது ஜெர்மனில் அடிவரியோ குரல்மாற்றோ சேர்ப்பதுண்டு. ஒரே மொழிக்குள்ளேயே மொழிபெயர்ப்பு வேண்டப்படுகின்றது என்பது கருதத்தக்கது. பெத்ரா வோல்ப்பே இயற்றிய ‘தெய்வ ஒழுங்கு’ (2017), 1971-இல் சுவிஸ் பெண்டிர் நாட்டுத் தேர்தல்களில் வாக்குரிமை பெற்ற வரலாற்றை ஒரு சிற்றூர் இல்லத்தரசியின் வாயிலாகக் காட்டுவது. அடுக்களைப் பேச்சினின்று மேடைப் பேச்சுக்கு அவள் ஏறுவதே கதையின் ஏற்றம். அடுக்களையும் மேடையும் ஒரே நடை பெறின் அவ்வேற்றத்திற்குப் படியில்லை.

விளியும் மதிப்பும்

‘வெள்ளை நாடா’ 1913–14 ஆண்டுகளில் நிகழ்வது. ஊர்ப் பாதிரியாரின் மக்கள் தம் தந்தையை ‘ஹெர் ஃபாட்டர்’ என்று விளிப்பர். ‘ஹெர்’ என்பது அயலாரையும் மேலோரையும் மதித்து அழைக்கும் அடைமொழி. பெற்ற தந்தைக்கு அவ்வடை இடப்பெறும் இல்லத்தில் அன்பு எத்தகையது என்பதை அவ்விரு சொல்லே உரைக்கும். அவ்வூரில் கம்பி கட்டி மருத்துவர் குதிரையை வீழ்த்தியவர் யார், சிறுவரை வதைத்தவர் யார் எனப் படம் இறுதிவரை வெளிப்படையாகக் கூறாது. தாம் சொல்வது முற்றும் உண்மையோ என்று அறியார் போலவே, கதை கூறும் பழைய பள்ளியாசிரியரும் தொடங்குகின்றார். குற்றவாளியைச் சுட்டாத படம் குற்றத்தின் வேரைச் சுட்டுகின்றது. அவ்வேர் விளியில் உளது. ஆதலின் விளியை விடுத்த மொழிபெயர்ப்பு, படத்தைத் துப்பறியும் கதையாக்கிப் பின்னர் விடையில்லாத் துப்பறியும் கதை என்று குறைகூறவும் இடம் தருகின்றது.

ஜெர்மனில் முன்னிலைக்கு ‘டூ’ என்றும் ‘ஸீ’ என்றும் இருவகைச் சொல் உண்டு. முன்னது அணுக்கத்தார்க்கு, பின்னது மதிப்பிற்குரியார்க்கும் அயலார்க்கும். ஒன்றினின்று மற்றொன்றுக்கு மாறுதல் உறவு மாறியதன் அடையாளம். இன்றைய ஆங்கிலம் இரண்டற்கும் ஒரு சொல்லே உடையது. ஆங்கில அடிவரியினின்று மறுமுறை பெயர்க்கும் மொழி எதுவாயினும் இவ்வுறவு மாற்றத்தை இழக்கும்.

பிறமொழியும் மொழியின்மையும்

ஜெர்மன் மொழிப் படம் என்னும் பெயர் கொண்டே பிறமொழிகளை நடுவில் வைத்த படங்கள் மூன்றாம் வகை. ஃபத்தி ஆக்கின் ஹாம்பர்க்கில் துருக்கியப் பெற்றோர்க்குப் பிறந்தவர். அவர்தம் ‘சுவருக்கு எதிராக’ 2004-இல் பெர்லின் விழாவில் தங்கக் கரடி பெற்றது. அதன் தலைவன் தாய்மொழியாகிய துருக்கியத்தைப் பெரிதும் இழந்தவன். இஸ்தான்புல் சென்று தன் மனைவியைப் பற்றி அவள் உறவினளிடம் நெஞ்சு திறக்க வேண்டிய வேளையில் அவன் ஆங்கிலத்தை நாடுகின்றான். தாய்மொழியும் இல்லை, வாழ்நாட்டு மொழியும் இல்லை என்னும் வறுமை அங்கு வெளிப்படுகின்றது. எல்லாம் ஒரே ஆங்கிலமாக ஓடும் அடிவரியில் அவ்வறுமை செல்வமாகத் தோன்றும்.

மாரன் ஆடே இயற்றிய ‘டோனி எர்ட்மான்’ (2016), புக்கரெஸ்ட் நகரில் வணிக அறிவுரையாளராகப் பணிபுரியும் மகளையும், பொய்ப்பல்லும் பொய்ம்முடியும் அணிந்து அவளைப் பின்தொடரும் தந்தையையும் பற்றியது. மகளின் தொழிலில் ஆங்கிலம் பெருவழக்கு. ஆட்குறைப்புக்குத் துணைநிற்கும் அறிவுரைகள் அம்மொழியின் மழுங்கிய சொற்களில் மறைகின்றன. தந்தை வற்புறுத்த ஓர் அயலார் இல்லத்தில் அவள் பாடும் பாட்டும் ஆங்கிலமே. தொழிலில் உயிரற்றிருந்த அம்மொழி அப்பாட்டில் வெடித்து உயிர்பெறுகின்றது. இப்படம் நகைச்சுவை என்றே விளம்பரம் பெற்றது. நகை உண்டு, ஆயினும் தந்தையின் ஒரு விளையாட்டே எண்ணெய் வயல் தொழிலாளி ஒருவனின் வேலைக்கு உலையாகும் இடத்தில் நகை அவலமாகின்றது. இரண்டையும் ஒரே தட்டில் நிறுத்திய திறம் பாராட்டற்குரியது.

வலெஸ்கா கிரிஸெபாக்கின் ‘வெஸ்டர்ன்’ (2017), பல்கேரியச் சிற்றூருக்குக் கட்டுமானப் பணிக்குச் சென்ற ஜெர்மன் தொழிலாளரைக் காட்டுவது. மைன்ஹார்ட் என்பான் ஊராரோடு மொழியறியாமலே நட்புக் கொள்கின்றான். இத்தகைய படத்திற்கு மொழிபெயர்ப்பு வேண்டா, மெய்ப்பாடே போதும் என்பாரும் உளர். அது முற்றும் பொருந்தாது. சொல் இருந்தும் விளங்காமையாலேயே அங்குக் கையசைவு பொருள் பெறுகின்றது. இருமொழியையும் அடிவரி பெயர்த்துத் தரின், பாத்திரங்கள் அறியாததைப் பார்வையாளர் அறிந்துவிடுவர். தடுமாற்றம் மறைந்து வேடிக்கை மட்டும் நிற்கும்.

கிறிஸ்டியான் பெட்சோல்டின் ‘டிரான்சிட்’ (2018) இவ்வகையின் உச்சம். அன்னா ஸெகர்ஸ் நாடு கடந்து வாழ்ந்தபோது எழுதிய புதினம் அதன் மூலம். ஜெர்மனில் எழுதப்பெற்ற அப்புதினம் 1944-இல் ஆங்கிலத்திலும் ஸ்பானியத்திலும் மொழிபெயர்ப்பாகவே முதலில் நூலுருப் பெற்றது. ஏதிலியின் மொழி ஏதிலியாகவே உலகிற்கு வந்தது. இயக்குநர் அக்கதையை இன்றைய மார்செய் நகரில் வைத்தார். செவியும் பேச்சும் இல்லாத ஒரு தாய்க்கு அவள் சிறுமகனே மொழிபெயர்ப்பாளன். துயரச் செய்தியைத் தாய்க்குக் கைகளால் உரைக்கும் அச்சிறுவனைக் காட்டிலும் மொழிபெயர்ப்பாளன் சுமையைச் சிறப்பாகக் காட்டிய பாத்திரத்தை அண்மைப் படங்களில் யாம் கண்டிலோம்.

தமிழில் செய்யத்தக்கன

இவற்றால் அடிவரியை வெறுத்தல் முறையன்று. அஃதின்றி விழாவே இல்லை. அதனைச் செம்மை செய்தலே நம் கடன். முதலாவது, தமிழ் அடிவரி ஆங்கில வழியாக அன்றி ஜெர்மனினின்று நேரே அமைதல் வேண்டும். நீ, நீர், நீங்கள் எனத் தமிழில் உள்ள முன்னிலைப் படிகள் ‘டூ’, ‘ஸீ’ வேறுபாட்டைத் தாங்க வல்லன. ‘தந்தையாரே’ என்னும் ஒரு விளி, பாதிரியார் இல்லத்தை நம் கண்முன் நிறுத்தும். இரண்டாவது, வட்டார வழக்கிற்கு நம் வட்டார வழக்கை ஈடாக வைத்தல் கூடாது. ஹுன்ஸ்ரூக் உழவன் நெல்லைத் தமிழ் பேசின் பார்வையாளர் நெஞ்சில் பொருநை ஓடும், ஹுன்ஸ்ரூக் மறையும். அதற்கு மாறாக, நம் இரட்டை வழக்கையே பயன்கொள்ளலாம். வீட்டுப் பேச்சைப் பொதுப் பேச்சுத் தமிழிலும், மேடையும் ஏடும் அலுவலும் வருமிடத்தை எழுத்துத் தமிழிலும் அமைப்பின், ஆங்கிலம் காட்ட அரிதாகிய ஏற்றத்தாழ்வு தமிழில் தானே அமையும். மூன்றாவது, பிறமொழி வருமிடத்து எழுத்தின் சாய்வாலோ நிறத்தாலோ அதனை வேறுபடுத்தல் வேண்டும். பாத்திரத்திற்கு விளங்காத பேச்சைச் சிற்சில இடங்களில் பெயர்க்காமலே விடுதலும் நேர்மையே.

இது திரைத்துறையார்க்கு மட்டும் உரிய பணியன்று. வழக்கு, விளி, மரபு ஆகியவற்றை ஆராய்வோர் தமிழ்த்துறையினரே. நம் படங்களும் அயல்நாட்டு விழாக்களுக்குச் செல்கின்றன. கொங்குப் பேச்சும் யாழ்ப்பாணப் பேச்சும் அங்கு ஒரே ஆங்கிலமாக ஓடுகின்றன. ஜெர்மன் படத்திற்கு நேர்ந்த இழப்பே தமிழ்ப் படத்திற்கும் நேர்கின்றது. முதுகலை மாணவர் ஒருவர் ஒரு படத்தின் உரையாடலையும் அதன் அடிவரியையும் வரிக்கு வரி ஒப்பிட்டு ஆராய்வாராயின், அவ்வாய்வு மொழிபெயர்ப்பியலுக்கும் கிளைமொழி ஆய்வுக்கும் ஒருங்கே பயன் நல்கும். மொழியால் பெயர் பெற்ற விழா மொழியைக் காட்டுதல் வேண்டும். அதற்கு வேண்டிய கருவி தமிழில் உளது, எடுத்தாள்வாரே வேண்டும்.