வாக்காளர் பட்டியலில் ஒரு சிதம்பரம்

ஆன்றி சிதம்பரம். இந்தப் பெயரை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டும். முன்பாதி பிரெஞ்சு, பின்பாதி தில்லை. கரீபியக் கடலில் உள்ள குவாதலூப் தீவில், எரிமலை அடிவாரத்துக் கப்பெஸ்தேர் ஊரில் 1863-இல் பிறந்து, அந்த மண்ணிலேயே ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகள் வாழ்ந்து, 1952-இல் மறைந்தவர். கூலிக்காகக் கடல் கடந்த தமிழர்களின் வம்சத்துக்கு அங்கே இன்றும் அவர்தான் பெரியவர்.

பெயரைக் கொண்டு பூர்வீகத்தைத் தீர்மானித்துவிட முடியாது. சிதம்பரம் என்று பிள்ளைக்குப் பெயரிடுவதற்குத் தில்லையில் பிறந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பெயர் அங்கே எப்படித் தங்கியது என்பது அழகான சங்கதி. நம் ஊரில் அப்பாவின் பெயர் மகனுக்கு முன்னால் ஒற்றை எழுத்தாகச் சுருங்கும். பேரன் காலத்தில் அந்த எழுத்தும் போய்விடும். அங்கேயோ, கூலியாக வந்தவனின் ஒற்றைப் பெயரே பதிவேட்டில் ஏறிக் குடும்பப் பெயராகிவிட்டது. முத்துசாமியும் ராமசாமியும் வீரபத்திரனும் ஐந்தாறு தலைமுறையாக முழுப் பெயரோடு இருக்கிறார்கள். தமிழ் நாவிலிருந்து போன பிறகும் தாத்தனின் பெயர் போகவில்லை.

பிரெஞ்சுக் குடியேற்றங்களில் 1848-இல் அடிமை முறை ஒழிந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. 1854 டிசம்பர் 24 அன்று ‘ஒரேலி’ என்ற கப்பல் முதல் இந்தியர்களைக் குவாதலூப்பில் இறக்கியது. அதற்கு ஒன்பதே ஆண்டு கழித்துப் பிறந்தவர் ஆன்றி. 1889 வரை 40,000-க்கும் மேற்பட்டவர்கள் போய்ச் சேர்ந்தார்கள். ஏறிய துறைகள் பெரும்பாலும் புதுச்சேரியும் காரைக்காலும். ஆனால் ஏறியவர்கள் எல்லோரும் பிரெஞ்சுக் குடிகள் அல்லர். கடலூரும் சிதம்பரமும் அடங்கிய தென்னாற்காடும், தஞ்சாவூரும் ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்தவை. அந்தச் சீமைகளிலிருந்து ஆள் எடுப்பதற்கென்றே 1861-இல் இரு அரசுகளும் ஒப்பந்தம் போட்டுக்கொண்டன.

ஆன்றியின் வாழ்க்கையில் நான் நின்று நின்று ரசிக்கும் இடம் இனிமேல்தான் வருகிறது. கடலூருக்கு வடக்கே பெண்ணையாறு. அக்கரையில் பாகூர், பிரெஞ்சுக்காரர் வசம். இக்கரை ஆங்கிலேயருடையது. பாகூர்க்காரருக்கு 1870-களிலேயே பாரிஸ் நாடாளுமன்றத்துக்கு ஆள் அனுப்பும் ஓட்டு இருந்தது. இக்கரையிலிருந்து போனவரோ ஆங்கிலேயப் பிரஜை. அவர் பிள்ளை குவாதலூப்பிலேயே பிறந்து, அங்கேயே படித்து, பிரெஞ்சிலேயே பேசினாலும், அந்நியன் என்று சொல்ல இடம் இருந்தது. கோடையில் கணுக்கால் நனையாமல் கடக்கக்கூடிய ஓர் ஆறு, அத்தனை கடலையும் தாண்டிப் போய்ப் பிள்ளைகளின் குறுக்கே ஓடியிருக்கிறது!

அந்த ஆற்றைத் தாண்டத்தான் ஆன்றி சிதம்பரம் புறப்பட்டார். 1904-இல், இந்தியர்களின் பிள்ளைகளை வாக்காளர் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று கேட்டார். ஆளுநர் மறுத்தார். வழக்கு நீதிமன்றம் ஏறியது. நாங்கள் பிறந்த மண் பிரான்சின் மண், ஆகவே நாங்கள் பிரெஞ்சுக்காரர் என்பதே அவர் வாதம். அந்த வாதத்தின் எளிமையைப் பாருங்கள். இரக்கம் கேட்கவில்லை, தோட்டங்களில் பட்ட பாட்டைச் சொல்லி அழவில்லை. பிறந்த இடத்தைச் சுட்டிக் காட்டினார், அவ்வளவுதான். வழக்கின் ஆவணங்களைத் தொகுத்து அச்சிலும் ஏற்றினார்.

முடிவு வந்தது 1923-இல், பிரெஞ்சுப் பிரதமர் புவான்கரே காலத்தில். இந்திய வம்சாவளியினர் பிரெஞ்சுக் குடிமக்களாக ஏற்கப்பட்டார்கள். வழக்குத் தொடங்கியபோது நாற்பது வயதுக்காரர், இப்போது அறுபதைத் தொட்டுக்கொண்டிருந்தார். பத்தொன்பது ஆண்டு என்பது ஒரு மனிதனின் நடுவயது முழுவதும். வியாபாரம், வீடு, பிள்ளைகுட்டி என்று அதைச் செலவழிக்க அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது.

நெடிய ஆயுளுக்கென்று தனியாக ஒரு கொடுப்பினை உண்டு. கேட்டது கிடைத்த பிறகும் அவர் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இருந்தார். 1946-இல் குவாதலூப் குடியேற்ற நாடு என்ற நிலை போய், பிரான்சின் ஒரு மாவட்டமாகவே ஆனதைக் கண்டார். மறு ஆண்டு, பெண்ணையாற்றின் இக்கரையை விட்டு ஆங்கிலேயர் கிளம்பினார்கள். அவர் கண்மூடிய 1952-இல் பாகூரில் இன்னும் பிரெஞ்சுக் கொடிதான். அது இறங்க 1954 ஆயிற்று.

1981-இல் குவாதலூப்பிலிருந்து பாரிஸ் நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, 2002 வரை அங்கே உட்கார்ந்திருந்த உறுப்பினர் ஒருவரின் பெயர் எர்னெஸ்ட் முத்துசாமி.