தேயிலையோடு வந்த எழுத்து

ஜப்பானியத் தேநீர்க் கூடத்தின் குறுகிய வாசலில் குனிந்து நுழையும் விருந்தாளியின் கண் முதலில் போவது கோப்பைக்கல்ல, சுவர்மாடத்தில் தொங்கும் எழுத்துச் சுருளுக்கு. அதன் முன் மண்டியிட்டு வணங்கிய பிறகுதான் மற்றதெல்லாம். தேநீர்ச் சடங்கைச் செம்மைப்படுத்திய சென் நோ ரிக்யூ (1522–1591), தேநீர்ப் பொருள்கள் எல்லாவற்றிலும் சுருளே தலையாயது என்று சொன்னதாக மரபு. அதிலும் ஜென் துறவியின் கையெழுத்துக்குத் தனி மரியாதை உண்டு.

இந்த வகையில் மிகப் பழையது டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சீனத் துறவி யுவான்வு 1124இல் தம் சீடருக்கு எழுதிக் கொடுத்த ஞானச் சான்றிதழ் அது. பாதிதான் மிஞ்சியிருக்கிறது, சுமார் 44 செ.மீ. உயரம், 52 செ.மீ. அகலம். மரக்குழாயில் அடைபட்டுக் கடலில் மிதந்து ஜப்பானின் தென்கரையில் ஒதுங்கியதாம்.

இலங்கையின் ஹட்டன், நுவரெலியா மலைகளுக்கும் தேயிலைக் காலத்தில் ஒரு சான்றிதழ் வந்தது. துண்டு என்றார்கள். இந்த ஆட்களின் பேரில் இவ்வளவு கடன் நிற்கிறது, கட்டினால் விடுகிறேன் என்று தோட்டத் துரை எழுதிக் கொடுக்கும் தாள். கங்காணி அதை எடுத்துக்கொண்டு அடுத்த தோட்டத்துக்குப் போவார். அங்குள்ள துரை கடனைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்வார். ஆளோடு கடனும் மலையேறும். 1921ஆம் ஆண்டுச் சட்டம்தான் இதை ஒழித்தது. யுவான்வுவின் தாள் ஒருவர் அடைந்த தெளிவுக்குச் சாட்சி. துண்டு ஒரு குடும்பத்தின் கடனுக்கு. தேயிலையின் எழுத்து வரலாறு இரண்டையும் உள்ளடக்க வேண்டும்.

துண்டு போய்ப் பத்தாண்டில் பாட்டு வந்தது. 1931இல் ஹட்டனை மையமாக வைத்துத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கிய கோ. நடேசய்யர், அதே ஆண்டு ‘இந்தியத் தொழிலாளர் துயரச் சிந்து’ வெளியிட்டார். மனைவி மீனாட்சியம்மாள் கூட்டங்களில் பாடினார். 1940இல் மீனாட்சியம்மாளுடைய ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ அச்சானது. மலிவுத் தாள், சின்னப் புத்தகம், ஊருக்கே தெரிந்த மெட்டு. எழுத்துக் கூட்டத் தெரியாதவர்களும் கேட்டவுடன் பிடித்துக்கொண்டு, மறுநாள் கொழுந்து எடுக்கும்போது முணுமுணுக்க முடியும். நடேசய்யரைப் பற்றி எழுதப்பட்ட அளவில் கால்வாசிகூட மீனாட்சியம்மாளைப் பற்றி எழுதப்படவில்லை. ஆனால் மலையகத்தின் அச்சுக் கவிதையைத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்த குரல் அவருடையது.

பூண்டுலோயா மடக்கும்புரத் தோட்டத்தில் 1914இல் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை அடுத்த தலைமுறை. 1947இல் தலவாக்கலையின் நாடாளுமன்ற உறுப்பினர். ஆங்கிலத்தில் அவர் எழுதிய நெடுங்கவிதையைச் சக்தீ பாலையா ‘தேயிலைத் தோட்டத்திலே’ என்று தமிழாக்கினார். வேலுப்பிள்ளை நாட்டுப் பாடல்களையும் தேடித் தொகுத்தார். ஆய்வாளர் சாரல்நாடன் இந்த இரு தலைமுறையினரையும் ஆய்வுக்குள் கொண்டுவந்தார். அவருடைய நூல்கள் இல்லாமல் இந்தத் துறைக்குள் யாரும் கால்வைக்க முடியாது.

ஜப்பானியச் சுருள் இவ்வளவு காலம் நிலைத்ததற்குப் பக்தி மட்டும் காரணமில்லை. பின்பக்கம் மெல்லிய தாள்களை அடுக்கடுக்காக ஒட்டுகிறார்கள். பசை மாவுப்பசை, நனைத்தால் விட்டுவிடும். அதனால் பழுதுபட்ட சுருளைப் பிரித்துப் புதிதாக ஒட்டலாம். வேளைக்கு மட்டும் தொங்கவிட்டு, மற்ற நாளெல்லாம் சுருட்டி மரப்பெட்டிக்குள் வைக்கிறார்கள். மலையகப் பாட்டுப் புத்தகங்களுக்குப் பெட்டி ஏது? மழைக்காலத்தில் சுவர் கசியும், அடுப்புப் புகை அடையும் லயத்து ஒற்றை அறைக் காம்பிராவில் அவை எத்தனை வருடம் தாங்கும்?

தப்பியவற்றில் ஒரு பகுதியை நூலகம் நிறுவனம் மின்வடிவில் ஏற்றிவருகிறது. கம்பளைப் பக்கம் பழைய லயத்திலேயே தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமும் உண்டு. ஆனால் தாளைக் காப்பது பாதி வேலைதான். பாட்டுப் புத்தகம் வரிகளைத் தரும். மெட்டின் பெயரை மட்டும் தலையில் போட்டுவிட்டு நகர்ந்துவிடும். அந்த மெட்டைப் பாடத் தெரிந்தவர்கள் இப்போது முதியவர்கள். ஆய்வு மாணவர்கள் முதலில் போய் உட்கார வேண்டிய இடம் அவர்கள் வீட்டுத் திண்ணை. ஒலிப்பதிவுக் கருவியோடு, இந்த வருடமே.