திருத்திய முகம்

கல்லறைத் திருநாள் நெருங்கினால், கம்பம் பள்ளத்தாக்கிலுள்ள நம் ஊர்களில் மறைந்த பெற்றோரின் மங்கிய படங்கள் கணினியால் புதுப்பிக்கப்பட்டுச் சுவரேறுவதைக் காண்கிறோம். சுருக்கம் நீங்கிய நெற்றி, ஒளிரும் விழிகள். அழகுதான். ஆயினும் அவ்விழிகள் அந்தத் தாயுடையவைதாமா?

மாணவர் கருத்தரங்குகளில் கணிப்பு ஒளிப்படவியல் என்ற பெயரில் ஆராயப்படும் இக்கலையை நாம் பழிக்கவில்லை. ஒரே காட்சியை நொடிப்பொழுதில் பன்முறை எடுத்து, அவற்றை இணைத்து இருள் அகற்றுவது, கிடைத்த ஒளியைச் சேமிக்கும் வேலை. கிடைக்காததைக் கற்பித்துச் சேர்ப்பது வேறு. 2023 மார்ச்சில் ஒருவர், வேண்டுமென்றே மங்கலாக்கிய நிலாப் படமொன்றைக் கணினித் திரையிலிட்டுச் சாம்சங் கைபேசியால் எடுத்தார். திரையில் இல்லாத பள்ளங்களும் மேடுகளும் படத்தில் தெளிவாக விழுந்தன! நிலவைப் பார்த்தன்று, முன்பே பயின்ற பாடத்தைக் கொண்டே கருவி அதனை வரைந்தது.

1898-இல் தூரின் நகரில், ஆண்டவருடையதெனப் போற்றப்படும் அடக்கத் துகிலைச் செக்கொண்டோ பியா படமெடுத்தார். எதிர்மறைத் தகட்டில் ஒரு திருமுகம் நேர்ப்படம்போல் எழுந்தது. தகட்டைத் திருத்தினார் என்று அவர்மேல் பழி வந்தது. 1931-இல் ஜுசெப்பே என்ரியே மீண்டும் எடுத்தார்; அதே முகம். பியா அதுவரை உயிரோடிருந்தார் என்பது நமக்கு ஆறுதல். துகிலின் வயது பற்றிய வழக்கு வேறு. அது இன்னும் ஓயவில்லை. பியாவின் பழி நீங்கியதோ, மூலத்துகில் அங்கேயே இருந்ததால்தான்.

நம் வீட்டுப் படங்களுக்கோ மூலம் அந்த மங்கிய தாள் ஒன்றே. புதிய படத்தின் சட்டத்துக்குள், பின்புறமாக, அதனையும் வைத்துத் தரும்படி ஸ்டுடியோக்காரரிடம் கேட்டு வாங்குவோம்.