மறுக்கும் உரிமை எங்கே?

2010ஆம் ஆண்டு பயோவெயர் நிறுவனம் வெளியிட்ட 'மாஸ் எஃபெக்ற் 2' என்னும் விண்வெளிக் கணினி விளையாட்டு, முதற்பாகத்தினும் மேலாகப் போற்றப்படுவது. துணைப் பாத்திரங்களின் அகப்புண்களை அது சித்திரிக்கும் திறத்தை நாமும் மறுக்கவில்லை. ஆயின், பாத்திரச் சிறப்பு கருத்துக் குறைபாட்டுக்குத் திரையாகிவிடலாகாது.

2007இல் வெளிவந்த முதற்பாகத்தில், மனித இன மேலாண்மை பேசும் 'சேர்பெரஸ்' இயக்கத்தின் கொடும் பரிசோதனைகளைக் கண்டோம். ஷெப்பேட்டின் முன்வரலாறாக அக்கூஸ் கோளின் படையழிவை ஒருவர் தெரிந்துகொண்டால், அவ்வழிவின் சூத்திரதாரியும் அவ்வியக்கமே என அறிகிறோம். இரண்டாம் பாகத்திலோ, இறந்த ஷெப்பேட்டை உயிர்ப்பிப்பதும் கப்பல் தந்து ஏவுவதும் அதே இயக்கம். விளையாடுபவர் அதனைக் கடிந்துரைக்கலாம். இறுதியில் உறவை முறிக்கவுங் கூடும். சேராதிருக்க மட்டும் வழியில்லை.

ஹொரைசன் கோளில் பழைய தோழர் ஒருவர் இக்கூட்டுறவைக் கண்டித்து விலகிச் செல்கிறார். துணைப் பாத்திரத்துக்குள்ள இவ்வுரிமை தலைமைப் பாத்திரத்துக்கு இல்லாமற் போனதேன்? குடியேற்றவாசிகள் கவரப்படுகையில் அரசுகள் போதியன செய்யவில்லை என்பது கதை கூறும் நியாயம். அந்நியாயத்தை ஏற்பதா, தள்ளுவதா என்பதே மெய்யான அறப்பிரச்சினை. தெரிவையே உயிராகக் கொண்ட கலைவடிவம், அப்பிரச்சினையைத் தானே தீர்த்துவைத்துவிட்டு, சில்லறைத் தெரிவுகளையே நம்மிடம் விடுகிறது. விரும்பப்படும் படைப்பாதலின், இதனை அழுத்திக் கூறுதல் நம் கடனாகும்.